கடல் மீனுக்கும் குழம்பில் உப்பு ஏன்?

வஞ்சிரம், சங்கரா, நெத்திலி எல்லாம் பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரிலேயே கிடந்த மீன்கள். ஆனாலும் உப்பு போடாமல் குழம்பு வைத்தால் வாயில் வைக்க முடியாது. கடலில் இருந்த அவ்வளவு உப்பும் மீனுக்குள் ஏறாமல் எங்கே போனது?

பதில் செவுளில் இருக்கிறது. மீன் புதுசா, பழசா என்று மூடியைத் தூக்கிப் பார்த்து வாங்குவார்களே, உள்ளே சிவப்பாகத் தெரியும் அதே செவுள்தான். மூச்சு விடுவதோடு, உடம்பின் உப்புக் கணக்கைப் பார்ப்பதும் அதன் வேலை.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்று நீரில் பெரும்பாலும் அரை கிராம்கூட இருக்காது. மீனின் ரத்தத்திலோ, அது எங்கே வாழ்ந்தாலும், கிட்டத்தட்ட 10 கிராம் இருக்க வேண்டும்.

இதனால் கடல் மீனுக்கு எப்போதும் தாகம். உடம்பிலிருக்கும் தண்ணீரை வெளியே உள்ள உப்பு இழுத்துக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல் நீரைக் குடிக்கிறது. கூடவே உள்ளே வரும் உப்பைச் செவுளில் உள்ள தனி செல்கள் வெளியே தள்ளுகின்றன. 1932-ல் ஆன்செல் கீஸ், வில்மர் என்ற இரு விஞ்ஞானிகள் விலாங்கு மீனின் செவுளில் இந்த செல்களை அடையாளம் காட்டினார்கள்.

காவிரிக் கெண்டைக்கு நிலைமை நேர் எதிர். தண்ணீர் தானாகவே உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும். அதனால் அது தண்ணீர் குடிப்பதே அரிது. சிறுநீராகக் கழித்துத் தள்ளும். அப்போது உப்பும் போய்விடுமே? ஆற்றில் இருக்கும் துளி உப்பையும் செவுள் உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும்.

பெரும்பாலான மீன்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் தெரியும். இரண்டும் தெரிந்த சில மீன்களில் ஒன்று உல்லம். வங்காளிகள் ‘இலிஷ்’ என்று கொண்டாடுவது இதைத்தான். கோதாவரிக் கரையில் கடலில் இருக்கும்போது ‘விலசா’, ஆற்றுக்குள் வந்துவிட்டால் ‘புலசா’ என்று பெயரையே மாற்றிவிடுவார்கள்.

கடலில் வளரும் உல்லம், முட்டையிட வெள்ளக் காலத்தில் ஆற்றில் ஏறும். ஹார்மோன்களின் கட்டளைப்படி, உப்பைத் தள்ளிய செவுள் உப்பைச் சேர்க்கும் செவுளாக மாறிவிடும்.

சமயபுரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகிறவர்கள் கடக்கும் கொள்ளிடமும் உல்லத்தின் பாதைதான். ஆனால் 1836-ல் அணைக்கரையில் கீழணை எழுந்தது. அதே காலத்தில் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் மேலணை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் மாகாண மீன்துறையினர் கொள்ளிடத்தில் உல்லம் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க வைத்துப் பார்த்தார்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்து ஆற்றின் வெள்ளமும் கட்டுக்குள் போன பிறகு, உல்லம் வரத்து சரிந்துவிட்டது.

எதிர்த்திசையில் ஓர் ஆறுதல், கொடுவா. இது ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, முட்டையிட உப்பு நீருக்குப் போகும் மீன். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் இதைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது. உப்பு நீரில் பொரித்த குஞ்சுகளை, உப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பழக்கினால் நன்னீர்க் குளத்திலும் வளர்க்கலாம். ஒரேயடியாக மாற்றினால் செவுள் தயாராவதற்குள் குஞ்சு செத்துப்போகும். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: புது மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புதுத் தண்ணீருக்குப் பழக்க வேண்டும்.

உல்லத்துக்கு அந்தப் பழக்கத்தைக் கழிமுகமே கொடுத்துவிடும். அதற்கு மேல் அது கேட்பது இரண்டுதான்: மழைக்காலத்தில் கடல்வரை ஓடும் தண்ணீர், அணைகளில் மீன் ஏற ஒரு வழி.