அஸ்தமிக்காத ஊரில் அந்திக் கஞ்சி

வண்ணார்பேட்டையில் குடியிருப்பவர்களுக்குச் சூரிய பகவானைப் பற்றிக் கவலைப்படும் அவசியம் ஏற்படுவதேயில்லை. காலையில் தவறாமல் உதிக்கிறார். பகலெல்லாம் நம் தலையைக் காய்ச்சுகிறார். மாலையில் தாமிரபரணித் தண்ணீரைச் சற்று நேரம் பொன்னாக்கிக் காட்டிவிட்டு, மேற்கு மலைகளுக்குப் பின்னால் போய்விடுகிறார். வருஷம் முழுவதும் இந்த ஏற்பாட்டில் பெரிய மாறுதல் கிடையாது. நம் ஜில்லாவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரந்தான். ஆகையால், "சூரியன் அஸ்தமிக்காவிட்டால் என்ன செய்வது, அண்ணாச்சி?" என்று ஒரு நண்பர் வந்து கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது.

ஆனால் நண்பர் சிரிக்கவில்லை.

அது 2016ஆம் வருஷம் ஜூன் மாதம். ரமலான் மாதம் ஆரம்பித்து இரண்டு மூன்று நாட்கள் ஆகியிருந்தன. நண்பர் மேலப்பாளையத்துக்காரர், பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். 1843ஆம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தருகே மாலை வேளைகளில் நாங்கள் சந்திப்பது வழக்கம். நோன்பு நாட்களில் அவர் நெடுநேரம் நிற்க மாட்டார். ஆறரை மணிக்குள் வீட்டுக்குப் போய், பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, நோன்புக் கஞ்சி குடிக்க வேண்டுமல்லவா? அன்று மட்டும் மணியைப் பார்க்காமல் நின்றார்.

விஷயம் இதுதான். அவருடைய மகன் மேற்படிப்புக்காக நார்வே தேசத்தில் ட்ரோம்ஸோ என்னும் நகரத்துக்குப் போயிருந்தான். அங்கே அவனுக்கு அது முதல் ரமலான். முதல் நாள் அவன் தனக்குத் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். சூரியன் மறையவில்லை என்றாலும், மிகவும் தாழ்ந்து நிற்கும் நேரம் என்று ஒன்று உண்டல்லவா? அதையே அஸ்தமனமாக வைத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தான். அந்த ஊர்க் கடிகாரத்தில் அந்த நேரம் நள்ளிரவு தாண்டி முக்கால் மணி! அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் அருந்தாமல் இருந்துவிட்டு டெலிபோனில் பேசியிருக்கிறான். அவன் குரலைக் கேட்ட தாயாருக்கு அன்று முழுவதும் அடுப்பில் கை ஓடவில்லை.

"வீட்டிலே ஒரே அழுகை. 'பிள்ளை எப்போதுதான் கஞ்சி குடிப்பான்?' என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?" என்றார் நண்பர்.

நேயர்களில் சிலருக்கு, சூரியன் எப்படி மறையாமல் இருக்கும் என்ற சந்தேகம் தோன்றலாம். ஓர் எலுமிச்சம்பழத்தில் ஊசியைச் செருகி, விளக்குக்கு எதிரே ஊசியின் மேல்முனையை விளக்கின் பக்கம் சாய்த்துப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். பழத்தின் நடுப்பாகம் மாறி மாறி வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் போய் வரும். ஊசி முனையைச் சுற்றியுள்ள பாகமோ எத்தனை தரம் சுழற்றினாலும் வெளிச்சத்திலேயே இருக்கும். பூமியும் இப்படியே சுமார் இருபத்து மூன்றரை பாகை சாய்ந்து சுழல்கிறது. நாம் நடுப்பாகத்துக்கு அருகில், 9 பாகைக்கும் குறைந்த அட்சரேகையில் இருக்கிறோம். ட்ரோம்ஸோ ஏறக்குறைய 70 பாகையில் இருக்கிறது. அங்கே மே மாதம் 20ஆம் தேதி சுமாருக்கு மேலே ஏறும் சூரியன், ஜூலை 22ஆம் தேதி சுமார் வரை தொடுவானத்துக்குக் கீழே இறங்குவதில்லை. அதற்குப் பழிவாங்குவது போல, நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை தலைகாட்டுவதும் இல்லை!

நோன்பின் விதியோ சூரியனையே நம்பி நிற்கிறது. கிழக்கில் விடியலின் வெள்ளைக் கோடு தென்பட்டதிலிருந்து அஸ்தமனம் வரையில் உண்ணாமலும் பருகாமலும் இருக்க வேண்டும். ரமலான் மாதமோ சந்திரனைப் பின்பற்றுவது. வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்து, ஏறக்குறைய 33 வருஷத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். 2015, 2016, 2017 ஆகிய மூன்று வருஷங்களில் ட்ரோம்ஸோவில் ரமலான் மாதம் முழுவதுமே அஸ்தமனமில்லாத நாட்களுக்குள் விழுந்தது. விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், அங்கே நோன்பு ஆரம்பமாவதும் இல்லை; முடிவதும் இல்லை.

இது ஏதோ ஆகாய விமான யுகத்தில் முளைத்த புதுச் சங்கடம் என்று எண்ண வேண்டாம். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட பழைய கேள்வி இது. பாக்தாது நகரத்திலிருந்து 921ஆம் வருஷம் புறப்பட்டு, மறு வருஷம் வால்கா நதிக்கரையிலுள்ள பல்கார் மக்களின் நாட்டை அடைந்த இப்னு பத்லான் என்பவர், அவ்விடத்துக் கோடை இரவுகளைக் கண்டு திகைத்துப் போனார். ராத்திரித் தொழுகைக்காகக் காத்துக்கொண்டு ஒரு தையற்காரரோடு பேசிக்கொண்டிருந்தாராம். பேச்சு முடிவதற்குள் விடியற்காலைத் தொழுகைக்கு அழைப்பு வந்துவிட்டதாம்! தூங்கிவிட்டால் காலைத் தொழுகை தவறிவிடுமோ என்ற பயத்தினால் தாம் ஒரு மாதமாக இரவில் கண் மூடவில்லை என்று பாங்கு சொல்பவர் அவரிடம் கூறினாராம். பதினான்காம் நூற்றாண்டில் நம் மதுரைக்கு வந்துபோன யாத்திரிகர் இப்னு பதூதாவும், அதே பல்காரில் ரமலான் மாதத்தில் நோன்பு திறந்து தொழுது முடிப்பதற்குள் விடிந்துவிட்டதாக எழுதி வைத்திருக்கிறார். அவர் அவ்வளவு தூரம் உண்மையில் போகவில்லை என்று சந்தேகிக்கும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு. எனினும், அந்த நாட்டு இரவின் குறுக்கம் அக்காலத்திலேயே ஊரறிந்த செய்தியாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

அந்திச் செம்மை முழுதும் மறையாமலே விடிந்துவிடும் ஊரில், இரவுத் தொழுகை கடமையா, இல்லையா? நேரம் வராதபோது கடமை மட்டும் எப்படி வரும் என்றார்கள் சில சட்ட நிபுணர்கள். நேரம் என்பது அடையாளமே. அடையாளம் இல்லை என்பதால் கடமை போய்விடாது என்றார்கள் மற்றவர்கள். இந்த வாதம் பல நூற்றாண்டு நடந்தது. 1870ஆம் வருஷத்தில்கூட, கஸான் நகரத்து அறிஞரான ஷிஹாபுத்தீன் மர்ஜானி, செம்மை மறையாவிட்டாலும் தொழுகை கடமையே என்று நிலைநாட்டுவதற்காக ஒரு தனி நூல் இயற்றினார்.

கடமை உண்டு என்பவர்கள் முக்கியமாக ஒரு நபிமொழியை ஆதாரமாகக் கொண்டார்கள். உலக முடிவு நெருங்கும் காலத்தில், ஒரு வருஷம் போல நீளும் ஒரு நாள் வரும் என்று நபிகள் நாயகம் சொன்னாராம். தோழர்கள் பயப்படுவதற்குப் பதிலாக, அந்த நாளுக்கு ஒரு நாள் தொழுகை போதுமா என்று கேட்டார்களாம். போதாது, நேரத்தை மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று பதில் கிடைத்தது. சூரியன் பேசாமல் இருக்கும் இடத்தில் மனிதன் கணக்குப் போட வேண்டும். வழக்கமாக விடிந்து அஸ்தமிக்கும் ஏதேனும் ஓர் ஊரைப் பார்த்துப் போட வேண்டும் என்று அறிஞர்கள் இதை விரித்தார்கள்.

எந்த ஊரைப் பார்த்து? இங்கேதான் அபிப்பிராய பேதங்கள் எழுகின்றன. மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீக்கின் பிக்ஹு சபை 1980-களில் இதை ஆராய்ந்து, 66 பாகைக்கு மேல் வசிப்பவர்கள் 45 பாகையிலுள்ள ஊரின் பகலையும் இரவையும் அளவுகோலாகக் கொள்ளலாம் என்று கூறியது. பகலும் இரவும் ஒழுங்காக வரும் அருகிலுள்ள ஊரைப் பின்பற்றலாம் என்பது ஒரு வழி. மக்காவின் நேரத்தையே கொள்ளலாம் என்பது இன்னொரு வழி. ட்ரோம்ஸோ பள்ளிவாசலைச் சேர்ந்தவர்கள் மக்காவைத் தேர்ந்துகொண்டார்கள். மக்காவில் நோன்பு காலை ஐந்து மணிக்கு ஆரம்பமானால், இவர்களும் நார்வே கடிகாரத்தில் காலை ஐந்து மணிக்கு ஆரம்பிப்பார்கள். கானடா தேசத்தின் வடகோடியில் இனுவிக் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள முஸ்லிம்களுக்காக 2010ஆம் வருஷத்தில் ஒரு பள்ளிவாசலையே வின்னிபெக் நகரில் கட்டி, லாரியிலும் பிறகு மெக்கன்ஸி நதியில் தெப்பப் படகிலுமாக 4,000 கிலோமீட்டர் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்! அவ்வூர்க்காரர்கள் தெற்கேயுள்ள எட்மன்டன் நகரின் நேரத்தைப் பின்பற்றி நோன்பிருந்தது உண்டு.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக் இன்னும் சற்றுத் தெற்கே இருப்பதால், அங்கே ஜூன் மாதத்திலும் சூரியன் நள்ளிரவு சுமாருக்கு மறைந்து, மூன்று மணி நேரத்தில் மறுபடி எழுந்துவிடும். அஸ்தமனம் என்று ஒன்று கண்ணெதிரே நடக்கும்போது அதை அலட்சியம் செய்யலாகாது என்று அங்கே பலர் 21 மணி நேரத்துக்கு மேல் நோன்பிருந்தார்கள். சூரியனே மறையாத ட்ரோம்ஸோவிலோ மக்காவின் கணக்குப்படி சுமார் 15 மணி நேரந்தான்! சங்கடம் முற்றிலும் பெரிதான இடத்தில் விடுதலை கிடைத்துவிடுகிறது. அரைகுறைச் சங்கடத்தில்தான் அவஸ்தை அதிகம். நோயாளிகளுக்கும் பிரயாணிகளுக்கும் உள்ள சலுகை எங்கும் உண்டு. விட்டுப்போன நோன்பைப் பிறகு நோற்றுக்கொள்ளலாம்.

நம் தேசத்தாருக்கும் இது சம்பந்தமில்லாத விஷயமல்ல. 1981ஆம் வருஷம் டிசம்பர் 6ஆம் தேதி கோவாவிலிருந்து கப்பலேறி, 1982ஆம் வருஷம் ஜனவரி 9ஆம் தேதி தென்துருவக் கண்டத்தில் கால் வைத்த முதல் இந்தியக் குழுவுக்குத் தலைவர் ஸையத் ஸஹூர் காஸிம் என்னும் முஸ்லிம் விஞ்ஞானி. அங்கே அப்போது நடுநிசியிலும் வெயில்தான். அந்த வருஷம் ரமலான் ஜூன் மாதத்தில் வந்தபடியால் நோன்பு விஷயம் எழவில்லை. 2007ஆம் வருஷம் அக்டோபர் மாதம், ரமலான் முடியும் தறுவாயில், மலேயாக்காரரான ஷேக் முஸபர் ஷுக்கோர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அங்கே ஒரு நாளைக்கு 16 தடவை சூரியோதயம்! ராக்கெட் புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கொள்ளலாம், நோன்பைத் திரும்பி வந்தும் நோற்கலாம் என்று மலேசிய மார்க்க அறிஞர்கள் அவருக்கு வழி சொல்லி அனுப்பினார்கள்.

எனக்குத் தெரிந்த மட்டும் இவற்றையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் நம்பிக்கையோடுதான் வீட்டுக்குப் போனார். ஆனால் மறுநாள் வேறொரு வழக்கோடு வந்தார்.

அந்த அம்மாள் கேட்டாளாம்: "ஏதேனும் ஓர் ஊர்க் கணக்குத்தானே? அது ஏன் மேலப்பாளையமாக இருக்கக் கூடாது? இங்கே பாங்கு சொல்லும்போது அவனும் அங்கே திறக்கட்டும். நானும் பிள்ளையும் ஒரே நேரத்தில் கஞ்சி குடித்ததாக இருக்குமே!"

கேட்டதும் என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. இதைவிட நியாயமான கேள்வி வேறென்ன இருக்க முடியும்?

பதிலை மகனே அனுப்பியிருந்தான். முதல் நாள் பட்டினிக்குப் பிறகு அவன் பள்ளிவாசலுக்குப் போனானாம். அங்கே ஸோமாலியா தேசத்தார் பலர் இருந்தார்கள். வேறு பல தேசத்தாரும் இருந்தார்கள். எல்லாரும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து, வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, கடிகாரத்தைப் பார்த்து ஒரே நேரத்தில் பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள். "உம்மா, இங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் உண்டு, ஒவ்வொரு ஊரிலும் ஓர் உம்மா உண்டு. அவரவர் உம்மாவின் ஊர்க் கணக்குப்படி திறந்தால், இந்த விரிப்பில் நான் ஒருவனாகத்தான் உட்கார வேண்டும்" என்று எழுதியிருந்தான்.

சாஸ்திரக் கணக்கு எதற்காகப் போடப்படுகிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. 45 பாகையா, எட்மன்டனா, மக்காவா என்பது அறிஞர்கள் தீர்மானிக்க வேண்டியது. எதைத் தீர்மானித்தாலும், பசித்த நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக வாய் நனைக்க வேண்டும். நம் ஊரில் சூரியனே அந்த வேலையைச் செய்துவிடுவதால் நாம் அதைக் கவனிப்பதில்லை.

நார்வே கடிகாரத்தில் மாலை ஏழு மணி ஐந்து நிமிஷம் என்றால், நமக்கு இரவு பத்து மணி முப்பத்தைந்து நிமிஷம். அந்த ரமலான் மாதம் முழுவதும் அந்த அம்மாள் ஊரோடு சேர்ந்து அந்தியில் நோன்பு திறந்தாள். ஆனால் கஞ்சியில் ஒரு கிண்ணத்தை மூடி வைத்துவிடுவாளாம். பத்து முப்பத்தைந்துக்கு டெலிபோன் மணி அடித்த பிறகுதான் அதைக் குடிப்பாளாம்.

2030ஆம் வருஷத்தில், ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் கடைசியில் ஒன்றுமாக இரண்டு ரமலான் ஆரம்பமாகும். ட்ரோம்ஸோவில் அப்போது சூரியனே உதிக்காத காலம். அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் இருந்தாலும், அவர்களுக்கு அஸ்தமனத்துக்குப் பதிலாக உதயத்தைத் தேட வேண்டிய சங்கடம் நேரும். விரிப்பும் கடிகாரமும் அதற்கும் வழி காட்டும் என்று நம்பலாம்.