பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தை இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் பேத்தி இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் ஜாவா லேப் தேர்வில் வங்கிக் கணக்குக்கு ஒரு கிளாஸ் எழுதச் சொன்னார்களாம். இருப்புத் தொகையை பிரைவேட் என்று போட்டாள். பணம் போட ஒரு மெத்தட், எடுக்க ஒன்று, இருப்பைச் சொல்ல ஒன்று. இருப்புக்கு மேல் எடுக்க வந்தால் மறுத்துவிடும். பூஜ்யமோ மைனஸோ போட வந்தாலும் மறுத்துவிடும். நிரல் சரியாக ஓடியது. ஆனாலும் ஐந்து மதிப்பெண் போய்விட்டது. காரணம்: "செட்பேலன்ஸ் எங்கே? கெட்டரும் செட்டரும் இருந்தால்தான் என்கேப்சுலேஷன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் செட்பேலன்ஸை ஒரே வரியில் எழுதியிருக்கிறாள். எந்த எண்ணைக் கொடுத்தாலும் அப்படியே இருப்பில் போட்டுவிடும். மைனஸ் ஐயாயிரம் கொடுத்தாலும் போடும். அதற்கு முழு மதிப்பெண். அந்தக் குழந்தைமேல் தப்பே இல்லை. சொல்லிக்கொடுத்ததை எழுதினாள்.

"ஆரம்பப் பள்ளி டீச்சருக்கு ஜாவா எதுக்குக்கா?" என்று என் தம்பி கீழே எழுதுவான், தெரியும். நான் படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான். பேத்தி பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தபோது, ஓய்வில் சும்மா இருந்த நானும் அவளோடு உட்கார்ந்து படித்தேன். மற்றவை கஷ்டமாக இருந்தன. இந்த ஒரு பாடம் மட்டும் உடனே புரிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பதிவேடு எழுதிய கை அல்லவா!

ஒரு காலாண்டுத் தேர்வு சமயம் மதிப்பெண் பட்டியலை மேஜைமேல் வைத்துவிட்டு சத்துணவு பார்க்கப் போனேன். திரும்பி வருவதற்குள் ஒருவன் தன் 18-ஐ 78 ஆக்கிவிட்டான். ஒன்றை ஏழாக்க ஒரு கோடு போதுமே! மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தபோது 60 உதைத்தது, பிடித்துவிட்டேன். (அவனும் இதைப் படிப்பான். இன்று நல்ல நிலையில் இருக்கிறான். பயப்படாதே, பெயரைச் சொல்ல மாட்டேன்.) ஆனால் தப்பு அவனுடையது மட்டுமல்ல, திறந்து வைத்துவிட்டுப் போன என்னுடையதும்தான். அன்றிலிருந்து மதிப்பெண்ணை எண்ணிலும் எழுத்திலும் எழுதினேன். திருத்தம் என்றால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம். பட்டியல் பீரோவுக்குள்.

பீரோவில் வைத்தது ஒளிப்பதற்கு அல்ல. எந்தப் பெற்றோர் வந்து கேட்டாலும் மதிப்பெண்ணைச் சொல்வேன். மாற்றம் மட்டும் என் கை வழியாக, விதிப்படிதான் நடக்கும். பாடங்களைக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். அந்த உண்மை ஒரு நிமிஷம்கூட உடையக் கூடாது. என்கேப்சுலேஷன் என்பது இவ்வளவுதான். தமிழில் உறைபொதியாக்கம் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் காரியம் காவல்.

இப்போது சொல்லுங்கள். பிரைவேட் என்று பீரோவைப் பூட்டிவிட்டு, "யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம்" என்று ஒரு செட்டரை வெளியே வைத்தால் அது என்ன பூட்டு? அஞ்சலகப் பாஸ்புக்கில் இருப்பை நீங்களே எழுதிக்கொள்ள முடியுமா? பணம் போடும் படிவம், எடுக்கும் படிவம் என்று இரண்டுதான் உண்டு. "இருப்பை மாற்றும் படிவம்" எந்தக் கவுண்டரிலும் கிடையாது. என் பேத்தி எழுதியது அதைத்தான்.

இன்னொன்று. மாணவன் என்று ஒரு கிளாஸ், அதில் வயது, அதற்கு செட்டர் என்று பல பாடக் குறிப்புகளில் பார்க்கிறேன். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் நாங்கள் பிறந்த தேதியைத்தானே எழுதுவோம்? வயது வருஷா வருஷம் மாறும், தேதி மாறாது. நாளைக்கு இந்த நிரலிலும் பிறந்த தேதிக்கு மாறலாம் என்று நினைத்தால், "வயது என்ன?" என்ற கேள்விக்குக் கணக்கிட்டுப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் "வயதை 10 ஆக்கு" என்று நூறு இடத்தில் எழுதி வைத்திருப்பவர்களை என்ன செய்வது? பத்து வயது என்றால் எந்தத் தேதி? யோசிக்காமல் கொடுத்த செட்டர் நம் கையையே கட்டிவிடும்.

கெட்டரிலும் ஓட்டை உண்டு. மதிப்பெண் பட்டியலை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட், கேட்டவருக்கு அந்தப் பட்டியலையே தூக்கிக் கொடுத்தால், வாங்கியவர் அதில் சேர்க்கலாம், அழிக்கலாம். செட்டரே தேவையில்லை. ஜெராக்ஸ் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரிஜினலைக் கொடுத்த கதை. இதை எத்தனை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

இது என் சொந்தச் சரக்கு அல்ல. மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு பகுதியும் தனக்குள் மறைத்து வைக்க வேண்டும் என்று டேவிட் பார்னாஸ் 1972-லேயே எழுதினார். பிரெட் புரூக்ஸ் என்ற பெரிய மனிதர் 1975-இல் தன் புத்தகத்தில் அதை ஏற்கவில்லை. இருபது வருஷம் கழித்து 1995 பதிப்பில், பார்னாஸ் சொன்னதே சரி, நான்தான் தவறு என்று அச்சில் ஒப்புக்கொண்டார். அவ்வளவு பெரியவர் ஒப்புக்கொள்ளலாம், நமக்கு விடைக்குறிப்பைத் திருத்த முடியாதா?

சென்னையில் ஐடியில் இருக்கும் என் பழைய மாணவன் போனில் சிரித்தான். "டீச்சர், ஒரு பட்டனை அமுக்கினா எல்லாத்துக்கும் கெட்டர் செட்டர் தானா வந்துடும். பல கருவிகள் அதை எதிர்பார்க்கவும் செய்யுது." நியாயம். விவரத்தை இங்கிருந்து அங்கே கொண்டுபோக மட்டும் இருக்கும் ஆப்ஜெக்ட்டுக்கு அது பரவாயில்லை. முகவரி மாற்றத்துக்குச் சரிபார்த்து வாங்கும் செட்டரும் தேவைதான். செட்டரே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜாவாவே 2021-இல், பதினாறாம் பதிப்பில், ரெக்கார்டு என்று ஒன்றை நிலையாகச் சேர்த்தது. அதில் செட்டரே கிடையாது. பைத்தானில் பிரைவேட் என்ற சொல்லே இல்லை. பெயருக்கு முன்னால் ஓர் அண்டர்ஸ்கோர் போட்டு "இதைத் தொடாதே" என்பார்கள், நாகரிகம் தெரிந்தவர்கள் தொட மாட்டார்கள். ஆக, விஷயம் பிரைவேட் என்ற சொல்லில் இல்லை. "இதை யார் மாற்றலாம், எந்த விதிப்படி?" என்ற கேள்வியில் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைத்து, கேட்காத பிள்ளைக்கு முழுசாகக் கொடுத்தால் என்ன அர்த்தம்?

நானும் யோக்கியம் இல்லை. "வரையறையை மாறாமல் எழுது" என்று பிரம்பைக் காட்டியவள்தான். விடைக்குறிப்பில் இல்லாத சரியான விடைக்குச் சுழி போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் இங்கே இருந்தால் மன்னியுங்கள். அந்த உறுத்தலும் சேர்ந்துதான் இதை எழுத வைக்கிறது.

ஐந்து மதிப்பெண் எனக்குப் பெரிதல்ல. பேத்தி சொன்னதுதான் இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை: "விடுங்க பாட்டி, அடுத்த எக்ஸாம்ல செட்டர் எழுதிடறேன்."

எழுதிவிடுவாள். பிறகு வேலைக்குப் போயும் எழுதுவாள். நாளைக்கு நம் பென்ஷன் கணக்கையோ ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையோ காக்கும் நிரலை இவர்கள்தானே எழுதப் போகிறார்கள்?

கல்லூரிகளில் ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, அடுத்த தாள் திருத்தும்போது ஒரு நிமிஷம் இதை நினையுங்கள். செட்டர் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். மைனஸ் ஐயாயிரம் கொடுத்துப் பாருங்கள். தடுத்தால் மதிப்பெண் போடுங்கள்.

நான் சொன்னதில் தப்பிருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்