விளையாட்டு வீரனும் கல்லூரி வாயிலும்

விளையாட்டைப் பற்றி நம் கல்லூரியிற் பேச்செழுங்கால் இருவகைக் குரல்களைக் கேட்கிறோம். அது படிப்பைக் கெடுக்கும் என்பது ஒன்று. உடல் நலங்கருதிச் சிறிது ஆடலாம் என்பது மற்றொன்று. விளையாட்டையே தொழிலாகக் கொள்ள விழையும் ஏழை இளைஞனுக்கு இவ்விரண்டாலும் பயனில்லை. அவனுக்குக் கல்லூரி செய்யக் கடவது யாது என்பதே நாம் எழுப்பும் வினா.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் 1991-இல் பிறந்த நடராசன் என்னும் பந்து வீச்சாளரை அறியாதார் நம்முள் இலர். தந்தையார் நெசவுத் தொழிலாளி. தாயார் சாலையோரத்திற் சிறு கடை வைத்திருந்தவர். ஏறத்தாழ இருபது வயது வரை அவர் கையாண்டது டென்னிஸ் பந்தே. அப்பந்து 58 கிராம் அளவினது. கிரிக்கெட்டுக்குரிய தோற்பந்தோ 156 கிராமுக்குக் குறையாது. இலேசான பந்தைக் கண்டு மட்டை பிடிப்பவன் அஞ்சுவதில்லை; வாய்த்த திசையெல்லாம் விளாசுவான். வீசுபவனுக்குள்ள புகலிடம், அவன் கால்விரலருகே பந்தைக் குத்தச் செய்வதொன்றே. இதனை ‘யார்க்கர்’ என்பர். (தமிழில் ‘அடிப்பந்து’ எனலாமா? இலக்கண வகுப்பில் நண்பர் சிலர் இதற்கு நகைத்தனர். எனினும் வேறு பெயர் கூறினாரில்லை.) வறுமை தந்த பந்தே நடராசனுக்கு அவ்வித்தையைக் கற்பித்தது எனலாம்.

பின்னர் அவ்வூர் ஜெயபிரகாஷ் என்பார் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். 2010-11-இல் நான்காம் பிரிவு லீக் ஆட்டம்; 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை. அதன்பின், வீசும் முறை ஐயத்திற்குரியதென்று கூறப்பட, கையசைவைத் திருத்திக்கொண்டு மீளவேண்டியதாயிற்று. 2016-இல் தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் நம் திண்டுக்கல்லின் பெயர் தாங்கிய அணிக்கே ஆடினார். மறு ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் பஞ்சாப் அணி அவரை எடுத்தது. 2020 டிசம்பரிற் கான்பெராவிலும் 2021 ஜனவரியிற் பிரிஸ்பேனிலுமாக, ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக முதன்முதல் ஆடும் பேறு பெற்றார்.

இதனைக் கேட்போர், “திறமையிருப்பின் வழி தானே பிறக்கும்” என்று மகிழ்ந்து அமைகின்றனர். நாம் அதற்கு உடன்படோம். வழி தானே பிறக்கவில்லை. ஒருவர் கைப்பிடித்து நடத்தினார். ஜெயபிரகாஷ் வேற்றூரிற் பிறந்திருப்பின் என்னாகியிருக்கும்? தாலந்தை நிலத்திற் புதைத்த ஊழியனைக் குறைகூறுகிறோம்; தன் தாலந்து இன்னதென்று எடுத்துக்காட்டுவார் இன்றிப் போனவனை என்னென்பது?

அமெரிக்க நாட்டிற் கதை வேறு. அங்கே அவர்கள் வகைக் கால்பந்தாடுவோன் உயர்நிலைப் பள்ளியணியிற் பெயரெடுத்து, உபகாரச் சம்பளம் பெற்றுச் சர்வகலாசாலையில் ஆடி, அதன்பின் தொழில்முறை அணிகளின் தேர்வுக்குச் செல்கிறான். பள்ளி விட்டு மூன்றாண்டு கழியாதவனை அவ்வணிகள் ஏற்பதில்லை. அந்தோனியோ கேட்ஸ் என்பவர் சர்வகலாசாலையில் ஆடியது கூடைப்பந்து. 2003-ஆம் ஆண்டுத் தேர்வில் அவர் பெயர் அழைக்கப்படவில்லை. எனினும் ஓர் அணியிற் சேர்ந்து, எதிரியைத் தடுத்தலும் பந்தைப் பிடித்தலும் ஒருங்கே வேண்டும் ‘டைட் எண்ட்’ என்னும் நிலையில் நின்று, 2025-இற் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். குறுக்குவழியே வந்த அவரும் ஒரு கலாசாலை ஆடுகளத்தில் நின்றவர் என்பது கருதத் தக்கது. அம்முறையிற் குற்றமில்லை என்று கூறோம்; படிப்பைப் பெயரளவிற் கொள்வாரும் அங்குண்டு. ஆயினும் ஆட்டத்தில் தோற்றவன் கையிற் பட்டமேனும் எஞ்ச இடமுண்டு. நம்மூரில் தோற்றவனுக்கு எஞ்சுவது யாது?

நத்தம் சாலையிற் கல்லூரியொன்றன் மைதானத்தில் ரஞ்சி ஆட்டங்களும் நடந்துள்ளன. 2024-இல் அசுவின் தலைமையில் திண்டுக்கல் அணி கோப்பையும் வென்றது. ஆயினும் சிறுமலையடியிலும் வேடசந்தூர்ப் பக்கத்திலும் அறுவடை முடிந்த வயலில் ஆடும் பையன்களுக்கும் அம்மைதானத்துக்கும் இடையே படிகள் வேண்டும். ஒரு படியாக நம் கல்லூரி ஏன் நிற்றலாகாது?

வாரத்தில் இரு மாலை, நம் மாணவரல்லாத கிராமத்துப் பையன்களுக்கும் மைதானம் திறக்கப்படுக. தோற்பந்தும் வலையும் கொடுக்கப்படுக. லீக் ஆட்டத்திற்குச் செல்வோருக்கு வருகைப் பதிவிற் சலுகையும், ஆட்டம் கைவிட்டால் மீண்டு வந்து படிக்க இடமும் வேண்டும். புல் கெடும் என்பர் சிலர். புல் மழைக்கு மீண்டும் முளைக்கும். தேர்ச்சி விழுக்காடு குறையும் என்னும் ஆசிரியர் அச்சத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளுதற்கில்லை. அதற்கு ஆட்டக்காரருக்கென இரவு வகுப்பு நடத்தலாம்; தமிழ் ஹானர்ஸ் வகுப்பினர் சிலர் கற்பிக்க இசைந்துள்ளோம்.

நடராசன் தம் ஊரில் அமைத்த மைதானம் 2023-இல் தினேஷ் கார்த்திக்காற் திறந்து வைக்கப்பட்டது. நமக்கோ மைதானம் முன்னரே உளது. பந்துச் செலவைப் பழைய மாணவர் சங்கத்தார் ஏற்பரேல், சாவி யாரிடம் இருப்பது என்பதை உடற்பயிற்சி ஆசிரியரும் மாணவர் மன்றமும் வரும் ஜூன் மாதத்திற்குள் பேசி முடிக்கலாம்.