கீழே பார்ப்பவர்கள் எல்லாம் பொய்யர்களா?

இறுதியாண்டு பி.காம். மாணவன் ஒருவன் கேம்பஸ் இன்டர்வியூ அறைக்குள் போகிறான். தேய்மானம் என்றால் என்ன, வங்கிச் சரிகட்டும் பட்டியல் எதற்கு என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சரியான பதில்தான் சொல்கிறான். ஆனால் அத்தனையையும் மேசை மேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தே சொல்லி முடிக்கிறான்! அவன் வெளியே வந்ததும் தாளில் ஒரு வரி விழுகிறது: "ஐ கான்டாக்ட் இல்லை. தன்னம்பிக்கை போதாது." மூன்று வருடப் படிப்பு அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகிறது.

கணக்குப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் உண்டு. கண்ணைப் பார்த்துப் பேச அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? "பெரியவங்க பேசும்போது என்ன முறைச்சுப் பார்க்கிற?" என்ற அதட்டலைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம் ஊரில் குறைவு. வாத்தியார் திட்டும்போது தலை குனிந்து நின்றால் நல்ல பையன், நிமிர்ந்து பார்த்தால் திமிர் பிடித்தவன். பெண்களுக்கோ இன்னும் ஒரு படி மேலே... "குனிஞ்ச தலை நிமிராத பொண்ணு" என்பது கல்யாணப் பேச்சில் பாராட்டு! இருபது வருடம் குனியச் சொல்லிவிட்டு ஒரே நாளில் நிமிரச் சொன்னால் எப்படி?

கூச்சம் என்பது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதியும் அல்ல. அமெரிக்காவில் 1970களில் உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ நடத்திய கணக்கெடுப்பில், சுமார் 40 சதவீதம் பேர் தங்களைக் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்றே சொன்னார்கள். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவர்களிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள்!

இதைவிடக் கொடுமையான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. "கண்ணைப் பார்க்காமல் பேசுகிறான், ஏதோ மறைக்கிறான்." இந்த நம்பிக்கை உலகம் முழுக்க உண்டு. 58 நாடுகளில் கேட்டு 2006ல் வெளியான ஓர் ஆய்வில், பொய்யைக் கண்டுபிடிக்கும் அடையாளமாக அதிகம் பேர் சொன்னது இதைத்தான். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2003ல் பெல்லா டிபாலோ குழுவினர் வெளியிட்ட முடிவு வேறு. கண்ணைப் பார்ப்பதற்கும் பொய்க்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பே இல்லை! பொய்யை நன்றாகப் பழகியவன் கண்ணைப் பார்த்தே சொல்வான் என்பது கடன் கொடுத்து ஏமாந்த எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று. ஒருவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே பொருத்தமான சொல்லைத் தேடுவது மூளைக்குக் கூடுதல் வேலை என்று 2016ல் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, தண்ணீர் பாட்டிலைப் பார்த்தவன் பயந்துதான் பார்த்தான் என்று எப்படிச் சொல்வது? யோசித்துக்கொண்டும் இருந்திருக்கலாம்.

அதற்காகக் கூச்சப்படுகிறவர்கள் அப்படியே இருந்துவிடலாமா? கூடாது. பேசுகிறவர் சுவரைப் பார்த்தால் கேட்கிறவருக்கு, "நம்மை மதிக்கவில்லையோ" என்று தோன்றுவதும் இயல்புதான். நல்ல செய்தி என்னவென்றால், வெறித்துப் பார்க்க யாரும் கேட்கவில்லை. 2016ல் வெளியான ஓர் ஆய்வுக்காக லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த சுமார் 500 பேரிடம் சோதித்ததில், மக்களுக்கு வசதியாக இருந்த பார்வை சராசரியாக 3.3 விநாடிதான்!

பஸ் கண்டக்டரிடம் சில்லறை வாங்கும்போது, மளிகைக் கடைக்காரரிடம் பாக்கி கேட்கும்போது, அந்த மூன்று விநாடியைப் பழகிப் பார்க்கலாம். பிறர் பேசும்போது பாருங்கள். நீங்கள் யோசிக்கும்போது பார்வை விலகினால் விலகட்டும், பதிலின் கடைசி வார்த்தைக்குத் திரும்பி வந்தால் போதும். கண்ணைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தால் புருவ மத்தியைப் பாருங்கள், எதிரே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆட்டிசம் உள்ள சிலருக்கு நேர்ப்பார்வை உண்மையிலேயே வேதனை. அவர்களை இதற்கும் வற்புறுத்தக் கூடாது.

பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும் என்பது கணக்கியலின் முதல் பாடம். கூச்சப்படுகிறவர் மூன்று விநாடி நிமிரட்டும். எதிரே இருப்பவர் அவன் கண்ணுக்கு மார்க் போடுவதற்கு முன் அவன் சொன்ன பதிலுக்கு மார்க் போடட்டும். ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் எந்தக் கணக்கும் நேராகாது!