பூட்டிய வீடுகளும் பத்து வருடப் பயமும்

யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைபவரின் கண்ணில் முதலில் படுவன பூட்டிய வீடுகளே. திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் இத்தகைய வீடுகளைக் காணாமல் ஓர் ஒழுங்கையைக் கடப்பது அரிது. மதில் உயர்ந்திருக்கும், இரும்புப் படலையில் சங்கிலி தொங்கும், வளவிலுள்ள மாமரம் காய்த்துக் கொட்டி அழுகும். உரிமையாளர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பார். விற்க மனமில்லை, வாடகைக்குக் கொடுக்கத் துணிவுமில்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி, பல்கலைக்கழக மாணவர் நால்வர் ஓர் அறையில் பாய் விரித்துப் படுக்கின்றனர்.

காரணம் கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது. “குடிவைத்தால் பிறகு எழுப்ப ஏலாது. பத்து வருடம் போனால் வீடும் போய்விடும்.” இதில் இரண்டு பயங்கள் ஒன்றாகக் குழைக்கப்பட்டிருக்கின்றன. முதலாவதற்கு நியாயம் உண்டு. இரண்டாவது பெரும்பாலும் தவறான விளக்கத்தில் பிறந்தது.

முதலாவது பயம் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தோடு வந்தது. வாடகை கட்டுப்படுத்தப்பட்டது. சட்டம் குறித்த சில காரணங்களுக்கு அன்றி வாடகைக்காரரை எழுப்ப முடியாது. அவர் இறந்தாலும் அவரது குடும்பத்தவர் அந்த இடத்துக்கு வரலாம். அடுத்த ஆண்டிலேயே வீட்டுச் சொத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் வந்தது. அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பீற்றர் கெனமன். கொழும்பில் வரிசை வரிசையாகத் தோட்ட வீடுகளைக் கட்டி, ஒரு தண்ணீர்க் குழாயைக் காட்டிப் பல குடும்பங்களிடம் வாடகை அறவிட்டவர்களை நினைத்தே இச்சட்டங்கள் எழுதப்பட்டன. அந்த நோக்கத்தை நான் இன்றும் பழிக்கமாட்டேன்.

ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டுக்காரர் அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர். அவர் பெரும்பாலும் ஓர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் அல்லது ஆசிரியர். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க ஒரு வீட்டைக் கட்டி, கல்யாணம் பொருந்தும்வரை வாடகைக்கு விட்டவர். கல்யாணம் பொருந்தியது, வாடகைக்காரர் எழும்பவில்லை. சொந்தத் தேவை என்று வழக்குப் போட்டால் அது பல ஆண்டுகள் இழுபடும். மாப்பிள்ளை வீட்டார் அவ்வளவு காலம் காத்திருப்பார்களா? வாடகைச் சபையும் மாவட்ட நீதிமன்றமும் ஏறி இறங்கிய தகப்பன்மாரின் கதைகளைத்தான் அவர்களுடைய பிள்ளைகள் கனடாவுக்குக் கொண்டு போயினர். 1980க்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்பு வீடுகள் அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கப்பட்டன என்ற செய்தி அவ்வளவு தூரம் போய்ச் சேரவில்லை போலும்.

இனிப் பத்து வருடக் கதைக்கு வருவோம். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், உரிமையாளருக்கு எதிராக, அவருடைய உரிமையை ஏற்காமல், பத்து ஆண்டுகள் தடையின்றி ஒரு காணியை ஆண்டவருக்கு அதன் உரித்தை வழங்குகிறது. இங்கே உயிரான சொல் ‘உரிமையை ஏற்காமல்’ என்பது. மாதந்தோறும் வாடகை கட்டுபவர் ஒவ்வொரு மாதமும் ‘இது உன் வீடு’ என்று ஒப்புக்கொள்கிறார். பத்தல்ல, முப்பது வருடம் அவர் இருந்தாலும் அந்த இருப்பு மட்டும் வீட்டை அவருடையதாக்காது. நீங்கள் கொடுக்கும் பற்றுச்சீட்டின் அடிக்கட்டை உங்கள் உறுதிக்குக் காவல்.

அப்படியானால் ஆபத்து எங்கே? “வாடகை வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கோ” என்று தூரத்து உறவினரையோ ஊரவரையோ எழுத்தில்லாமல் இருத்துகிறோமே, அங்கேதான். சட்டப்படி அவரும் உங்கள் அனுமதியில் இருப்பவரே. ஆனால் இருபது வருடம் கழித்து, அனுமதி கொடுத்த தகப்பனாரும் இறந்தபின், அனுமதி இருந்தது என்பதை எதைக்கொண்டு காட்டுவீர்கள்? மின்சாரச் சிட்டை அவர் பெயரில். ஆதன வரி கட்டியவரும் அவர். போரால் ஓடியவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் பயங்கரவாதச் செயல்களால் தம் உரிமையைக் கோர முடியாதுபோனவர்களுக்கு எதிராக அந்தக் காலம் கணக்கிடப்படாது. நல்ல சட்டம்தான். ஆனால் 2009க்குப் பின் ஓடிய ஆண்டுகளுக்கு அது குடை பிடிக்காது. எனவே வாடகைக்காரருக்குப் பயந்து இலவசக் காவலாளியை இருத்துவது, நிழலுக்குப் பயந்து கிணற்றில் குதிப்பதற்கு ஒப்பானது.

எழுத்து என்றேன். அதிலும் நம்மவர் ஒரு சிக்கனம் பிடிக்கிறார்கள். இரண்டு வருடக் குத்தகையை வெறும் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, அயலவர் இருவரைச் சாட்சி வைத்தால் போதும் என்ற எண்ணம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டின் சட்டம். குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து சுருக்கமான நடைமுறையில் வீட்டை மீட்க 2023இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அந்த வாசலால் நுழைவதற்கும் முறையான குத்தகை எழுத்து கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோனித் தத்துவம் கொடுத்து இதைச் செய்விக்கலாம். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் பணம் ஒருமுறை ஊருக்கு வரும் விமானச் சீட்டின் சிறு பங்குகூட ஆகாது.

வீட்டுக்காரரின் பக்கமே பேசுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். வாடகைக்காரரிடம் ஓராண்டு, ஈராண்டு வாடகையை முற்பணமாகக் கேட்கிறோம். சைவமா என்கிறோம்; எந்த ஊர் என்கிறோம்; அந்த ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டு, கேட்க வெட்கப்படும் கேள்விக்கு விடை எடுக்கிறோம். கூரை ஒழுகினால் தொலைபேசியில் அகப்படுவதில்லை. இவ்வாறு நடப்பவர்களில் பலர் ஒருகாலம் வெள்ளவத்தையில் அனெக்ஸ்களிலும் லொட்ஜ்களிலும் இருந்து, பொலிஸ் பதிவுத் துண்டைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியவர்கள். 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவர்களுள் கூலி கொடுக்காமல் இருந்ததற்காக வெளியேற்றப்பட்டவர் எவருமில்லை. குடியிருப்பவர் என்றால் எழுப்பப்படக் கூடியவர் என்ற எண்ணத்தை நாம் அங்கே அனுபவித்தோம்; இங்கே படலைக்கு இப்பால் நின்று அதையே பேசுகிறோம்.

வரும் விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள் கோயில் திருவிழாவுக்கும் கீரிமலைக்கும் இடையில் ஒரு முற்பகலை ஒதுக்கலாம். உறுதியை எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். கூரையைத் தட்டிப் பாருங்கள், கிணற்றை இறைப்பியுங்கள். பிறகு, குடும்பத்தோடு வீடு தேடி அலையும் ஓர் ஆசிரியருக்கோ தாதிக்கோ நியாயமான வாடகைக்கு, எழுத்தோடு, சாவியைக் கொடுங்கள். மூன்று மாத முற்பணம் போதும்.