தாமிர உணரியும் தரங்கம்பாடிக் காற்றும்

வாயுவை உணரும் பொருளுக்கு இரண்டு வேண்டும். வாயு மூலக்கூறு வந்து ஒட்ட ஓர் இடம்; ஒட்டியதை வெளியே தெரிவிக்க அளக்கத்தக்க ஒரு மாற்றம். தாமிர அணைவுச் சேர்மங்களில் இவ்விரண்டும் ஒரே அணுவில் கூடிவருகின்றன. தாமிரத்தின் +2 அயனியில் ஒன்பது டி-எலக்ட்ரான்கள் இருப்பதால் அதன் எண்முகி அமைப்பு ஜான்-டெல்லர் உருக்குலைவுக்கு உள்ளாகிறது. பெரும்பாலும் சமதளத்து ஈனிகள் நான்கும் இறுகி நிற்க, அச்சுத் திசையில் உள்ள இரண்டும் தளர்ந்து நிற்கும். அந்தத் தளர்ந்த இடமே வாயுவுக்கு வாசல். +1, +2 நிலைகளுக்கு இடையே தாமிரம் எளிதில் மாறுவதால் நிறமோ மின்தடையோ உடன் மாறுகிறது.

இந்த வேலையை உயிரினங்கள் நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. தரங்கம்பாடிக் கரையில் இறங்கும் இறாலின் குருதியில் உள்ள ஹீமோசயனினில் இரண்டு தாமிர அணுக்கள் சேர்ந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கின்றன. நிறமற்ற குருதி நீலமாகிறது. ஆக்சிஜன் விலகியதும் நிறம் போய்விடுகிறது. அதுவும் உப்புநீர் சூழ்ந்த உடலுக்குள். ஈரத்திலும் உப்பிலும் இப்படி மீளும் தன்மையை ஆய்வக உணரிகள் இன்னும் எட்டவில்லை.

1999-இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த எச்.கே.யு.எஸ்.டி.-1 இத்துறையின் மாதிரிப் பொருள். இணை இணையாக நிற்கும் தாமிர அயனிகளை பென்சீன் டிரைகார்பாக்சிலேட் ஈனிகள் பிணைத்து நுண்துளைச் சட்டகமாக்குகின்றன. அச்சு இடத்தில் உள்ள நீரை வெற்றிடத்தில் சூடேற்றி விரட்டினால் வெளிர்நீலப் பொடி அடர்நீலமாகும், வாசலும் திறக்கும். அம்மோனியா அங்கே வலுவாகப் பிணைகிறது. சிக்கலும் அங்கேதான்: ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்து வந்தால் சட்டகமே சிதைகிறது. மேலும் அது மின்கடத்தாப் பொருள். ஆகவே மின்தடை மாற்றத்தை நம்ப முடியாது. நிறையையோ ஒளியையோ மின்தேக்கத்தையோதான் அளக்க வேண்டும். 2015-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் ஹெக்சா இமினோ டிரைஃபினைலீன் ஈனியால் அமைத்த தாமிரச் சட்டகம் மின்சாரத்தைக் கடத்தியது. அறை வெப்பநிலையிலேயே பத்து லட்சத்தில் 0.5 பங்கு அம்மோனியாவைக் காட்டியது. அதே வடிவ நிக்கல் சட்டகம் அந்தச் சோதனையில் அசையவில்லை. துலங்கலில் உலோகத்துக்குள்ள பங்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒப்பீடு அரிது.

அம்மோனியாவை அளக்க வேண்டிய இடம் காவிரி டெல்டாவில் கண்ணெதிரே இருக்கிறது. குறுவை வயலில் யூரியா தூவிய பின், நண்பகல் வெயிலில் தேங்கிய நீரின் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிறது. நீரின் காரத்தன்மை ஏற, அம்மோனியம் அம்மோனியாவாகிக் காற்றில் போகிறது. போட்ட தழைச்சத்தில் ஒரு பகுதி இப்படிப் பறந்துவிடுகிறது. வயல்நீரை ஒட்டிய காற்றிலோ ஈரம் மிகுதி. உலர் நைட்ரஜனில் பெற்ற துலங்கல் வளைவு அங்கே எதற்கும் உதவாது. நீர் மூலக்கூறும் அதே அச்சு இடத்துக்கே போட்டியிடுகிறது. இன்னொரு கணக்கும் உண்டு. சுற்றுப்புறக் காற்றில் 24 மணி நேரச் சராசரி அம்மோனியாவுக்கு இந்தியத் தரநிலை கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம், அதாவது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 0.57 பங்கு. மேற்சொன்ன 0.5 இந்த வரம்பை ஒட்டியே நிற்கிறது. அதனால் எச்சரிக்கை மணி அடிக்கலாம். வயலின் இழப்பைக் கணக்கிட முடியாது.

தஞ்சை சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் துத்தநாக ஆக்சைடு மென்படல உணரிகளில் ஆய்வு நடந்துவருகிறது. உலோக ஆக்சைடு உணரிகள் வழக்கமாக 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றப்படுபவை; அந்தச் சூடே நீரை விரட்டிவிடும். தாமிர அணைவுகள் சூடில்லாமல் இயங்குவது மின்சாரத்துக்கு இலாபம், ஈரத்தைப் பொறுத்தவரை நட்டம். ஆய்வுக் கட்டுரைகள் முதலாவதை விரித்து எழுதி, இரண்டாவதை ஒரு வரியில் கடந்துபோகின்றன.

இறால் குட்டைகளின் அடிச்சேற்றில் எழும் ஹைட்ரஜன் சல்பைடின் கதை வேறு. தாமிரத்தோடு அது கரையாத கருப்பு சல்பைடாகிவிடுகிறது, திரும்பாது. எனவே தொடர் உணரிக்குப் பொருந்தாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நிறமாற்றத் தாளுக்கு இதுவே போதும்.

தரங்கம்பாடிக்கு நேரடியாக உரியது ஓசோன். ஓசோன் மிகுந்த கடற்கரை என்று சுற்றுலா விளம்பரங்கள் இவ்வூரைப் புகழ்கின்றன. தரைமட்ட ஓசோன் நுரையீரலை அரிக்கும் மாசு. 8 மணி நேரச் சராசரிக்கு இந்தியத் தரநிலை கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம், நூறு கோடியில் ஏறத்தாழ 51 பங்கு. கடல் ஓசோனை உண்டாக்குவதில்லை. கடல்நீரின் அயோடைடு அதை அழிக்கவே செய்கிறது. விளம்பரம் மெய்யானால் அது பெருமைக்குரிய செய்தி அன்று.

இதைச் சோதிக்க ஏற்ற பொருள் தாமிர தாலோசயனின். 1927-இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபூர்க் நகரில் தற்செயலாகக் கிடைத்த இந்த நீலம் இன்று அச்சுமையில் மலிவாகக் கிடைக்கும் நிறமி. அதன் மென்படலம் நேர்வகைக் குறைக்கடத்தி. ஓசோன் எலக்ட்ரானைப் பறிக்கும்போது துளைகள் பெருகி மின்தடை குறைகிறது. ஒட்டிய வாயு மெல்லவே விலகுவதால் இடையிடையே சூடேற்ற வேண்டும். நைட்ரஜன் டை ஆக்சைடும் இதே துலங்கலைத் தருவதால் இரண்டையும் பிரித்தாக வேண்டும். ஓசோனை மட்டும் விழுங்கும் இண்டிகோ வடிப்பான் இதற்கு உதவுகிறது. சோழமண்டலக் கரையின் துணிகளுக்கு நீலம் ஏற்றிய அவுரிச் சாயம்தான் அது. வடிப்பான் உள்ள படலம், இல்லாத படலம் இரண்டையும் அருகருகே இயக்கினால் வேறுபாடு ஓசோனின் பங்கு. ஆனால் படலத்தின் மேல் உப்புத் துகள் படியும்போது அடிநிலை அளவு நகரும். ஆகவே 254 நானோமீட்டர் புறஊதா ஒளிமானியின் பக்கத்தில் வைத்து, கத்திரி வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் தனித்தனியே அளவுதிருத்தம் செய்ய வேண்டும். ஒவ்வோர் அளவீட்டோடும் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் பதிந்து வெளியிட வேண்டும்.