இருபத்தொரு நாள் ஊசி



விடிந்தும் விடியாத வேளையில் ஆம்பூர் பைபாஸில் நின்றால், ஷூ கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். பஸ் நிறையப் பெண்கள். வீட்டில் பிள்ளைக்குத் தொண்டை வலி, காய்ச்சல் என்றால், மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்து, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. மூன்று நாளில் காய்ச்சலும் இறங்கிவிடும். பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது என்பதால், அதுவே போதுமானதாகவும் இருந்துவிடுகிறது.

போதாமல் போவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா வந்தால்தான். தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து, ஆட்டு ரத்தம் கலந்த சிவப்புத் தட்டில் தேய்த்து ஓரிரவு விட்டால், கிருமி வளர்ந்த இடத்தைச் சுற்றி ரத்தம் கரைந்து தெளிந்த வளையம் விழும். அந்தக் கிருமியை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் தற்காப்பு, சில பிள்ளைகளுக்கு ஆள் தெரியாமல் சொந்த இதய வால்வையே தாக்கிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து முட்டி வீங்கும், அது வற்றி கணுக்கால் வீங்கும், பிறகு வீக்கமெல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ருமாட்டிக் காய்ச்சல் என்கிற இது பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வருவது. ஆனால் உள்ளே வால்வு கெட்டுச் சுருங்கியது பல பெண்களுக்கு முதல் பிரசவத்தின்போது மூச்சு வாங்கும்போதுதான் தெரியவருகிறது.

2001-02இல் வேலூர் மாவட்டக் கிராமப்புறப் பள்ளிகளில் 2,29,829 பிள்ளைகளைப் பரிசோதித்து, ஜேக்கப் ஜோஸ், கோமதி என்ற இரு ஆய்வாளர்கள் ஆய்வு வெளியிட்டார்கள். 157 பேருக்கு ருமாட்டிக் காய்ச்சலால் வரும் இதய நோய் உறுதியானது. ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை, முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்பது ஆறுதல்தான். ஆனால் அந்த 157 பேரும் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்த பிள்ளைகள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

    

இதே குடும்பத்தில் நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு 2021 முதல் நம் மாநிலத்தில் அரசே குழந்தைகளுக்கு இலவசத் தடுப்பூசி போடுகிறது. தொண்டைக் கிருமிக்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை. பழைய பென்சிலின்தான் கதி. அது நல்ல கதியும்கூட. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் ஆரம்பித்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். மாத்திரை என்றால் பத்து நாளும் தரவேண்டும். காய்ச்சல் விட்டதும் நிறுத்தக் கூடாது.

ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்ட பிள்ளைக்கோ, 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில். வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கலக்கினால் பால்போலக் கெட்டியாக இருக்கும், ஊசி அடைத்துக்கொள்ளும். இடுப்பில் போட்டால் அன்று முழுக்கப் பிள்ளை நொண்டி நொண்டி நடக்கும். வலிக்குப் பயந்தும், கூட்டிப் போக ஆளில்லாமலும் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அடுத்தமுறை தொண்டை வலி வரும்போது வால்வு இன்னும் கொஞ்சம் கெடுகிறது.

தோல் ஷாப்பு, ஷூ கம்பெனி நடத்தும் வாசகர்கள் நமக்கு நிறையப் பேர் உண்டு. உங்கள் யூனிட்டில் இப்படி ஒரு பிள்ளையின் தாயோ தகப்பனோ இருந்தால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை நாள், சம்பளம் பிடிக்காமல் விடுங்கள். உரிமையோடு கேட்கிறேன்.

பெற்றோருக்கு: காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள். தேதி தவறிவிட்டால் டாக்டர் திட்டுவாரே என்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மறுநாளே கூட்டிப் போய்ப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்